சொல்லத் தயங்கும் தொல்லை

செஞ்சி வட்டாரத்தில் நெடுநாளாக வைத்தியம் பார்த்துவரும் நான் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். காய்ச்சலையும் மூட்டுவலியையும் தயங்காமல் சொல்லுகிறவர்கள், தம்மை மீறிச் சிறுநீர் கசிவதை மட்டும் சொல்லுவதில்லை. வேறு நோய்க்கு மருந்து வாங்கிக்கொண்டு வாசற்படி வரை சென்றபின், திரும்பி வந்து தாழ்ந்த குரலில் அதைக் கூறும் தாய்மார்கள் பலர். "வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்று முடிவும் அவர்களே கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

செஞ்சிக் கோட்டைக்கு வந்தவர்கள் ராஜகிரியின் அடிவாரத்தில் செட்டிகுளத்தையும் சக்கரகுளத்தையும் கண்டிருப்பார்கள். நீரைத் தேக்கி, வேண்டும்போது விடும் கலை நமக்குப் புதியதன்று. சிறுநீர்ப்பையும் ஒரு சிற்றேரியே. வளர்ந்தவர்களுக்கு அது ஏறக்குறைய 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அதன் வாயில் மதகுபோல் ஒரு சுருக்குத் தசையும், அடியில் கரைபோல் தாங்கி நிற்கும் இடுப்பின் அடித்தளத் தசைகளும் இருக்கின்றன. மதகைத் திறக்க ஆணையிடுவது மூளை. அந்த ஆணையைக் கொண்டு செல்வன நரம்புகள். இவற்றுள் எது பழுதுபட்டாலும் நீர் கசியும்.

ஆகவே, கசிவு யாவும் ஒரே வகையன்று. பிள்ளைப்பேற்றினாலும், மாதவிலக்கு நின்றபின் நேரும் மாறுதல்களாலும் கரை தளர்ந்த பெண்களுக்கு இருமும்போதும், தும்மும்போதும், குடம் தூக்கும்போதும் கசிகிறது. சிலருக்குப் பை நிறையுமுன்பே சுருங்கி, அடக்கவொண்ணாத அவசரத்தை உண்டாக்குகிறது. முதிய ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி பெருத்து வழியை அடைத்தால், பை நிரம்பி வழிந்து சொட்டுகிறது. மூட்டுவலியால் விரைந்து நடக்க முடியாமல் துணியை நனைப்போரும் உண்டு. நீரிழிவு, பக்கவாதம், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சில மாத்திரைகள் ஆகியனவும் காரணமாகலாம்.

தொல்லைக்கு அஞ்சி, பலர் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர் செல்வதையும், உறவினர் வீட்டுக் கலியாணத்தையும் விட்டுவிடுகிறார்கள். செஞ்சியின் கோடையில் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டிப்பட்டு, பை மேலும் உறுத்தப்படும்; மலச்சிக்கலும் கூடும். காப்பி, தேநீரைக் குறைக்கலாம்; தண்ணீரைக் குறைக்கலாகாது.

கரையைப் பலப்படுத்த ஒரு பயிற்சி உண்டு. அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் 1948-இல் அதனை விளக்கி எழுதினார். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் அடித்தளத் தசையை உள்ளிழுத்து, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். நாளடைவில் பத்து எண்ணும் வரை நீட்டலாம். வேளைக்குப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கலாகாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கலாகாது. மூன்று மாதங்களேனும் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். அவசரத் தொல்லையுடையோர், கழிப்பிடம் செல்லும் இடைவெளியைப் பத்துப் பதினைந்து நிமிடங்களாகச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழகலாம்.

வைத்தியரிடம் போகுமுன் மூன்று நாள், எப்போது எவ்வளவு குடித்தோம், எப்போது கசிந்தது என்று குறித்துக்கொண்டு செல்லுங்கள். காரணம் அறிய அது பெரிதும் உதவும். மருந்தும், தேவையானால் அறுவைச் சிகிச்சையும் உண்டு. முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி நமக்குத் தொலைவில் இல்லை. சிறுநீரில் இரத்தம் கண்டாலும், காய்ச்சலோடு எரிச்சல் இருந்தாலும் காலம் தாழ்த்தலாகாது. சிறுநீர் அடியோடு நின்றாலும், கால் மரத்துத் திடீரென்று கசிவு தொடங்கினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டிலுள்ளோருக்கும் ஒரு வார்த்தை. படுத்த படுக்கையாயிருக்கும் பெரியவர்களை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கேட்டு, சிறுநீர் கழிக்கச் செய்யுங்கள். இரவில் விளக்கு எரியட்டும். பாத்திரம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நனைந்த துணியை உடனே மாற்றித் தோலை உலர வைத்தால் புண் வராது. முகஞ் சுளித்து ஒரு சொல் சொல்லிவிட்டால், மறுநாள் முதல் அவர்கள் தண்ணீர் கேட்கவே அஞ்சுவார்கள். அந்த அச்சத்தைப் போக்கும் மருந்து எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அது உங்கள் நாவில் இருக்கிறது.