கனடாவின் நிதானப் பங்கு நிதிகள் – ஒரு மதிப்பீடு

'நிதானம்' என்னும் சொல் நம் வழக்கில் இரு பொருள் தந்து நிற்கிறது. விரைவின்மை ஒன்று, அளவறிந்து நடத்தல் மற்றொன்று. முதலீட்டுச் சந்தையில் ஒரு நிதியை 'நிதானமானது' என விளம்பரம் செய்வோர் பெரும்பாலும் முதற்பொருளையே முன்வைக்கின்றனர். வேகமாக ஏறாது, ஆதலின் வேகமாக இறங்கவும் இறங்காது என்பது அவர்தம் கூற்று. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்கும் சேமிப்பாளனுக்கு வேண்டுவதோ இரண்டாம் பொருளாகும். பெயர்ப்பலகையில் எழுதிய நிதானம் நிதியின் உள்ளேயும் உண்டா என்பதை எவ்வாறு அறிவது? கனடா நாட்டுப் பங்கு நிதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பலருடைய சிறு சேமிப்புகளை ஒன்றுதிரட்டி, ஒரு மேலாளரின் பொறுப்பில் பங்குகளை வாங்கி, வரும் ஆதாயத்தையும் இழப்பையும் அவரவர் இட்ட தொகைக்கேற்பப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடே பரஸ்பர நிதி. கனடாவில் இது 1932 ஆம் ஆண்டிலேயே வேர்கொண்டது. அந்நாட்டரசு 1957 இல் ஆர்.ஆர்.எஸ்.பி. என்னும் பதிவுபெற்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தையும், 2009 இல் டி.எஃப்.எஸ்.ஏ. என்னும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கையும் தோற்றுவித்தது. அவ்வழியே பரஸ்பர நிதிகள் நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்குள் நுழைந்தன. டொராண்டோவின் ஸ்கார்பரோப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது புதிய செய்தியன்று. பணிபுரியும் நிறுவனத்தின் ஓய்வூதியம் இல்லாதார்க்கு முதுமைக்காலச் சோறு பெருமளவு இச்சேமிப்பிலிருந்தே வரவேண்டும். ஆகவே, இது பொழுதுபோக்கான ஆராய்ச்சியன்று.

முதற்கண் கனடியச் சந்தையின் உடலமைப்பை நோக்குதல் வேண்டும். டொராண்டோ பங்குச் சந்தையின் கூட்டுக் குறியீட்டெண்ணில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களுமே. எண்ணெய், எரிவாயு, சுரங்கம் ஆகியவை சேர்ந்து மற்றொரு பெரும் பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. மருத்துவத் துறையோ இருக்கும் இடம் தெரியாது. பல துறைகளும் அளவோடு கலந்த பெருஞ்சந்தையைக் கண்டு பழகியவர்க்கு இஃது இருபெரும் தூண்கள் தாங்கும் மண்டபமாகவே தோன்றும். எனவே, கனடியப் பங்குகளை மட்டும் கொண்ட எந்த நிதியும் பிறப்பிலேயே ஓரளவு ஒருபக்கச் சாய்வுடையது. நிதானம் என்பது அச்சாய்வை மேலாளர் எவ்வாறு கையாள்கிறார் என்பதில்தான் வெளிப்படும்.

இதனை நார்டெல் நிறுவனத்தின் வரலாறு விளக்குவதுபோல் வேறெதுவும் விளக்காது. தொலைத்தொடர்புக் கருவிகள் செய்த அந்நிறுவனத்தின் பங்கு 2000 ஆம் ஆண்டுக் கோடையில் 124 டாலருக்கும் மேல் விலைபோயிற்று. அப்போதைய டொராண்டோ குறியீட்டெண்ணில் முந்நூறு நிறுவனங்கள் இருந்தன. ஆயினும், அவ்வொரே நிறுவனம் குறியீட்டெண்ணின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் பெற்றிருந்தது. முந்நூறில் முதலிட்டதாக எண்ணியவன் உண்மையில் தன் பணத்தின் பெரும்பகுதியை ஒன்றில் இட்டிருந்தான். 2002 இல் அப்பங்கின் விலை ஒரு டாலருக்கும் கீழே வீழ்ந்தது. 2009 சனவரியில் அந்நிறுவனம் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

இங்கே நாம் கருதவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கனடிய விதிகளின்படி ஒரு சாதாரணப் பரஸ்பர நிதி தன் சொத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஒரே நிறுவனத்தின் பங்குகளை வாங்குதல் கூடாது. ஆகவே, நார்டெல் ஏறிய காலத்தில் விதிக்குட்பட்டு நடந்த நிதிகளால் குறியீட்டெண்ணோடு ஈடுகொடுக்க இயலவில்லை. அப்பங்கை அறவே தொடாத மேலாளர்கள் இன்னும் பின்தங்கினர். 2000 ஆம் ஆண்டின் பட்டியலை மட்டும் பார்த்தவர்க்கு அவர்கள் திறமையற்றோராகவே தோன்றியிருப்பர். இரண்டே ஆண்டுகளில் தராசு தலைகீழாயிற்று. ஓராண்டு, ஈராண்டு ஆதாயப் பட்டியலைக் கொண்டு நிதானத்தை அளப்பது, மழைநாளில் கூரையைப் பாராது வெயில்நாளில் வீடு வாங்குவதை ஒக்கும். அளக்கவேண்டிய நாள் சந்தை வீழ்ந்த நாளே.

அவ்வாறு அளப்பதற்குரிய வீழ்ச்சிகள் அண்மை வரலாற்றில் உள்ளன. 2008 சூனில் 15,000 புள்ளிகளைத் தொட்ட குறியீட்டெண் 2009 மார்ச்சில் ஏறத்தாழப் பாதியாயிற்று. 2020 இல் பெருந்தொற்று பரவியபோது, பிப்ரவரியிலிருந்து ஒரு மாத காலத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் சரிந்தது. ஒரு நிதி இவ்விரு காலங்களிலும் எவ்வளவு இழந்தது, பின்னர்ப் பழைய நிலையை எப்போது எட்டியது என்னும் இரு வினாக்களும் எந்த விளம்பரத்தைவிடவும் மிகுதியாகப் பேசும். பாதியை இழந்தவன் முன்னிலைக்கு மீள இருமடங்காகப் பெருக வேண்டும். மூன்றில் ஒரு பங்கை இழந்தவனுக்கோ ஒன்றரை மடங்கு போதும்.

ஒரு சிறு கணக்கால் இதனைத் தெளிவுபடுத்துவோம். சந்தை நூற்றுக்கு இருபது ஏறிப் பின் பத்து இறங்கினால் நூறு ரூபாய் நூற்றெட்டாகும். ஏற்றத்தில் பதினேழு மட்டுமே பெற்று, இறக்கத்தில் ஏழு மட்டுமே இழந்த நிதியில் அதே நூறு, நூற்றெட்டு ரூபாய் எண்பத்தொரு காசாகும். ஏற்றத்தில் பின்தங்கியும் முடிவில் முந்திநிற்பதே உண்மையான நிதானத்தின் இலக்கணம். ஏற்றத்திலும் பின்தங்கி இறக்கத்திலும் காப்பாற்றாத நிதி நிதானமானதன்று, சோம்பலானது.

கனடாவில் ஒவ்வொரு நிதிக்கும் 'ஃபண்ட் ஃபேக்ட்ஸ்' என்னும் சுருக்க ஏடு உண்டு. 2016 முதல் விற்பனைக்கு முன்னரே அதனை வாங்குவோர் கையில் சேர்ப்பித்தல் கட்டாயமாக்கப்பட்டது. முதன்மையான பத்து முதலீடுகள், துறைவாரிப் பங்கீடு, ஆண்டுவாரி விளைவு, மிக மோசமான மூன்று மாதங்களின் இழப்பு, செலவு ஆகியன அதில் இடம்பெறும். 'குறைவு' முதல் 'மிகுதி' வரை ஐந்து படிகளில் இடர் அளவும் குறிக்கப்படும். அவ்வளவுகோல் கடந்த பத்தாண்டுகளின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. பத்தாண்டுகள் அமைதியாகக் கழிந்தால் அளவுகோலும் அமைதியைக் காட்டும். 2008 இன் பெருவீழ்ச்சி 2019 க்குள் அக்கணக்கிலிருந்து நழுவிவிட்டது. எனவே, அந்தப் படியை ஒரு குறிப்பாகக் கொள்ளலாமேயன்றி, உறுதிமொழியாகக் கொள்ளலாகாது. பெரும்பாலோர் அவ்வேட்டின் முதற்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுவர். அடுத்த பக்கத்திலுள்ள செலவுப் பகுதியே பணம் கரையும் இடம்.

நிதானத்தின் மற்றோர் அடையாளமாகப் பங்கு ஈவுத்தொகையைக் கூறுவர். இதில் நியாயம் உண்டு. பேங்க் ஆஃப் மாண்ட்ரியல் 1829 முதல் ஈவுத்தொகை வழங்கிவருகிறது. 2008-09 நெருக்கடியில் உலகின் பல பெருவங்கிகள் ஈவுத்தொகையைக் குறைத்தன; கனடாவின் பெருவங்கிகள் குறைக்கவில்லை. ஃபோர்டிஸ் என்னும் மின்வழங்கல் நிறுவனம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் உயர்த்தியே வந்துள்ளது. ஆயினும், இப்பட்டியலோடு நின்றுவிடுதல் தகாது. மானுலைஃப் காப்பீட்டு நிறுவனம் 2009 ஆகஸ்டில் தன் ஈவுத்தொகையைப் பாதியாகக் குறைத்தது. வருவாய் அறக்கட்டளைகள் என்னும் அமைப்புகள் மிகுந்த ஈவு தருவன என்று முதியோர் பலரும் அவற்றை நாடினர். 2006 அக்டோபர் 31 அன்று நிதியமைச்சர் ஜிம் ஃபிளாகர்ட்டி அவற்றிற்கு வரி அறிவித்ததும் அவற்றின் விலை ஒரே நாளில் சரிந்தது. கைம்பெண்களும் முதியோரும் அச்சமின்றி வாங்கலாம் என்று தலைமுறை தலைமுறையாகக் கருதப்பட்ட தொலைபேசி நிறுவனமான பி.சி.ஈ., 2025 மே மாதத்தில் ஆண்டு ஈவை 3.99 டாலரிலிருந்து 1.75 டாலராகக் குறைத்தது. மிகுந்த ஈவு ஒரு நிறுவனத்தின் வலிமையையும் காட்டலாம். அதன் பங்கின்மீது சந்தை நம்பிக்கையிழந்ததையும் காட்டலாம். ஈட்டும் இலாபத்தில் எத்தனை பங்கை ஈவாக வழங்குகிறது, கடன் எவ்வளவு சுமக்கிறது என்பவற்றைக் கண்டபின்னரே அவ்விரண்டில் எது என்று சொல்லமுடியும். வட்டி விகிதமும் இங்கே குறுக்கிடும். கனடாவின் மத்திய வங்கி 2022 மார்ச் முதல் 2023 சூலை வரை தன் விகிதத்தைக் கால் விழுக்காட்டிலிருந்து ஐந்து விழுக்காடாக உயர்த்தியபோது, கடன்சுமை மிகுந்த மின்வழங்கல், தொலைபேசிப் பங்குகள் துன்புற்றன. நிதானமானவை எனப் பெயர் பெற்றவையும் அவையே.

வட்டியைத் தவிர்க்க எண்ணும் நம்மவர் இவ்விடத்தில் ஒன்றை நினைவிற் கொள்ளல் நன்று. கனடிய நிதான நிதிகளின் முதுகெலும்பு வங்கிப் பங்குகளே. அவற்றை நீக்கிவிட்ட நிதியில் எண்ணெய்க்கும் சுரங்கத்திற்கும் உரிய எடை தானே கூடிவிடும். கொள்கைக்கு ஏற்றதாயினும், அது வேறு இயல்புடைய, ஏற்ற இறக்கம் மிகுந்த நிதி என்பதை அறிந்தே ஏற்கவேண்டும்.

இனிச் செலவு. நம் கருத்தில் தலைமையான வினா இதுவே. ஏனெனில், வருங்கால ஆதாயம் எவர்க்கும் தெரியாது, வருங்காலச் செலவோ முன்கூட்டியே ஏறத்தாழத் தெரிந்துவிடுகிறது. மேலாண்மைக் கட்டணம், நடைமுறைச் செலவு, அவற்றின்மீதான வரி ஆகியவை சேர்ந்ததே நிர்வாகச் செலவு விகிதம். ஆலோசகர் வழி விற்கப்படும் கனடியப் பங்கு நிதிகளில் இஃது ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டை ஒட்டியிருப்பது நெடுங்கால வழக்கம். இதற்கெனத் தனியே பட்டியல் எதுவும் வருவதில்லை. கழித்துக்கொண்ட பின்னரே நிதியின் மதிப்பு அறிவிக்கப்படுவதால் வலி தெரிவதில்லை.

பத்தாயிரம் டாலரை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இட்டதாகக் கொள்வோம். பங்குகள் ஆண்டுக்கு ஆறு விழுக்காடு ஈட்டுமாயின், செலவே இல்லாத நிலையில் அது 42,919 டாலராகும். அரை விழுக்காடு செலவாயின் 38,134. இரண்டு விழுக்காடு செலவாயின் 26,658 மட்டுமே. நூற்றுக்கு இரண்டுதானே என்று எண்ணியவன் தன் ஆதாயத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிட்டான்.

அவ்விரண்டில் ஒரு பகுதி, பெரும்பாலும் ஒரு விழுக்காடு, விற்ற ஆலோசகருக்கு ஆண்டுதோறும் தொடர்ந்து செல்லும் தரகாகும். அவர் ஆண்டுதோறும் ஆலோசனை வழங்கினால் அது கூலி. வழங்காவிடின் என்ன பெயரிடுவது என்பதை வாசகர் முடிவுக்கே விட்டுவிடுவோம். ஒரே நிதி பல வரிசைகளில் விற்கப்படும். 'ஏ' வரிசையில் இத்தரகு அடங்கும். 'எஃப்' வரிசையில் அடங்காது, ஆலோசகருக்குத் தனியே கட்டணம் செலுத்தவேண்டும். முன்பு ஆறேழு ஆண்டுகளுக்குள் பணத்தை மீட்டால் அபராதம் பிடிக்கும் முறையும் இருந்தது. 2022 சூன் முதல் நாளிலிருந்து அம்முறையில் புதிதாக விற்பது கனடா முழுவதும் தடைசெய்யப்பட்டது.

செலவை மதிப்பிட ஒப்பீடு வேண்டும். அதற்குக் கனடாவே வழிகாட்டியது. பங்குச் சந்தையிலேயே வாங்கி விற்கத்தக்க குறியீட்டெண் நிதி உலகில் முதன்முதலாக 1990 மார்ச்சில் டொராண்டோவில்தான் அறிமுகமாயிற்று. அதன் வழிவந்த நிதி இன்று நூற்றுக்குக் கால் பங்கிற்கும் குறைந்த செலவில் அறுபது பெருநிறுவனங்களை வாங்கித் தருகிறது. பத்தாண்டுக் கணக்கில் கனடியப் பங்கு நிதிகளுள் பெரும்பாலானவை குறியீட்டெண்ணுக்குப் பின்தங்கியதை எஸ் அண்ட் பி நிறுவனத்தின் ஸ்பிவா அறிக்கைகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. அவ்வறிக்கைகள் இடையில் மூடப்பட்ட நிதிகளையும் கணக்கிற் கொள்கின்றன. சாதாரணப் பட்டியல்களில் பிழைத்தவை மட்டுமே நிற்பதால் திறமை பெரிதாகத் தோன்றும். நிதான நிதியின் முதல் பத்து முதலீடுகள் அதே பெருவங்கிகளும், இரு இரயில் நிறுவனங்களும், எண்ணெய்க் குழாய் நிறுவனமுமாக இருந்து, செலவு மட்டும் இரண்டு விழுக்காடாயின், அது குறியீட்டெண் நிதியை எட்டு மடங்கு விலைக்கு விற்பதன்றி வேறன்று.

ஒப்பிடும்போது இனம் இனத்தோடு சேரவேண்டும். 'கனடியப் பங்கு' வகையில் பங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறேனும் கனடாவினுடையதாக இருத்தல் வேண்டும். 'கனடாவை மையமாகக் கொண்ட' வகையிலோ பாதி இருந்தாற் போதும். அயல்நாட்டுப் பங்குகளால் முன்னேறிய பின்னதை டொராண்டோ குறியீட்டெண்ணோடு நிறுத்தி மேலாளரைப் புகழ்தல் பொருந்தாது.

எஞ்சியிருப்பது வரி. கனடிய நிறுவனங்களின் தகுதிபெற்ற ஈவு நூறு டாலராயின் அது 138 டாலராக வருமானத்தில் சேர்க்கப்பட்டு, நடுவணரசு வரியில் ஏறத்தாழ 20 டாலர் 73 சென்ட் கழிவாகத் தரப்படும். ஈவு நிதிகளை விற்போர் இச்சலுகையை விரித்துரைப்பர். ஆனால் ஆர்.ஆர்.எஸ்.பி. கணக்கினுள் அதே நிதியை வைத்திருப்பவர்க்கு இக்கழிவு கிடையாது. எடுக்கும் தொகை முழுவதும் சாதாரண வருமானமாகவே வரிக்குட்படும். டி.எஃப்.எஸ்.ஏ. கணக்கில் வரியே இல்லையாதலின் கழிவுக்கு வேலையில்லை. பதிவுபெறாத சாதாரணக் கணக்கில் வைத்திருப்பவர்க்கே இது பயன்தரும்.