உறுமல் என்னும் எச்சரிக்கை

தூத்துக்குடித் துறைமுகத்தில் பெரிய கப்பல் ஊதுவதைக் கேட்டிருக்கிறீர்களா? அந்தக் கனத்த ஒலி நம் நெஞ்சுக்கூட்டையே அதிரச் செய்யும். சிறிய கப்பலின் ஊதல் அப்படி இராது. இது தற்செயலன்று. 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் விதிகளின்படி, 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஊதல் 70 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் உடையதாக இருக்க வேண்டும். ஒலியைக் கொண்டே வருவது பெரிய கப்பல் என்று உணரலாம்.

அவ்விதிகளில் இன்னொன்றும் உண்டு. எதிரே வரும் கப்பல் மோதலைத் தவிர்க்கப் போதிய முயற்சி செய்கிறதா என்ற ஐயம் எழுந்தால், குறைந்தது ஐந்து குறுகிய ஊதல்களை விரைவாக எழுப்ப வேண்டும். அதைக் கேட்ட மாலுமி சினம் கொள்வதில்லை. தன் கப்பலைத் திருப்புகிறார். நாயின் உறுமலும் இத்தகைய ஊதல்தான்.

கோவில்பட்டி வட்டாரம் கன்னி நாய்களுக்குப் பெயர் பெற்றது. ஆழ்ந்த மார்பும் ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களும் கொண்ட இந்நாய்கள், முயலைத் துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்டவை. முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம். ஆகவே, ஓடிப் பழகிய நாய்கள் சில வீட்டு நாய்களாக மாற வேண்டியிருக்கிறது. மேலைநாடுகளின் பந்தய நாயான கிரேஹவுண்டின் நிலையும் இதுவே. அமெரிக்காவின் புளோரிடா மாநில மக்கள் 2018-இல் வாக்களித்து நாய்ப் பந்தயத்தை ஒழித்தபோது, பல்லாயிரம் நாய்களுக்குப் புது வீடு தேட நேர்ந்தது.

அப்படிப்பட்ட கன்னி நாய் ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அது திண்ணையில் உறங்குகிறது. உங்கள் தங்கை ஓடிப்போய் அதைக் கட்டிக்கொள்கிறாள். "உர்ர்ர்..." என்கிறது நாய். அப்பா பிரம்பை எடுக்கிறார். எடுக்கலாமா?

உறுமல் எப்படிப் பிறக்கிறது?

நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்வளையின் நாண்களை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் வழியே வெளிவருகிறது. ஒரு முனை மூடிய குழாயின் மிகக் குறைந்த ஒத்ததிர்வு எண்ணைக் காண, ஒலியின் வேகத்தைக் குழாய் நீளத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும் என்பது பள்ளிப் பாடம். குழாய் 10 செ.மீ. என்றால், 350-ஐ 0.4-ஆல் வகுக்க 875 ஹெர்ட்ஸ். 20 செ.மீ. என்றால் ஏறத்தாழ 440 ஹெர்ட்ஸ். உடல் பெரிதானால் குழாய் நீளும், ஒலி கனக்கும். "நான் இவ்வளவு பெரியவன்; அருகில் வராதே" என்பதே உறுமலின் பொருள்.

எல்லா உறுமலும் ஒன்றல்ல. 2010-இல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகர ஆய்வாளர்கள் மூவகை உறுமல்களைப் பதிவு செய்தனர்: விளையாட்டில் எழுந்தது, அந்நியரைக் கண்டு எழுந்தது, எலும்பைக் காக்க எழுந்தது. எலும்பை நெருங்கும் நாய்களுக்கு இவற்றை மறைவிலிருந்து ஒலிக்கச் செய்தனர். எலும்பைக் காக்கும் உறுமலைக் கேட்டபோதுதான் நாய்கள் அதிகமாகப் பின்வாங்கின. உறுமலில் செய்தி இருக்கிறது; நாய்கள் அதைப் படிக்கின்றன. நாமும் படிக்கலாமே!

திண்ணை நாய் சொன்னது என்ன? அது இதுவரை கொட்டகையில் தனியே உறங்கியது. உறக்கத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. திடீரென ஒரு கை மேலே விழுந்ததும் அஞ்சியது. கடிக்காமல், முதலில் எச்சரித்தது. அதற்காக அடித்தால் அச்சம் போகாது, எச்சரிக்கைதான் போகும். ஊதலைப் பிடுங்கிவிட்டால் கப்பல் நின்றுவிடுமா? அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கக்கூடும்.

செய்ய வேண்டியவை

உறுமினால் அசையாமல் நில்லுங்கள். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். எதற்கு, எப்போது உறுமியது என்று குறித்து வையுங்கள். உறங்கும் நாயைத் தொடாமல், தொலைவில் நின்று பெயர் சொல்லி எழுப்புங்கள். அதற்கென்று ஒதுக்கமான படுக்கை கொடுங்கள், உண்ணும்போது நெருங்காதீர்கள். வாயில் உள்ளதைப் பிடுங்காமல், அதைவிடச் சுவையான ஒன்றைக் கொடுத்து மாற்றுங்கள். சிறு குழந்தையை நாயுடன் தனியே விடவே கூடாது.

சாதுவாக இருந்த நாய் திடீரென உறுமத் தொடங்கினால், பல்லிலோ காதிலோ மூட்டிலோ வலி இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடித்துவிட்டால், சிறு கீறலானாலும், சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்பா பிரம்பைக் கீழே வைக்கட்டும். தங்கையை மெல்ல விலக்கி அழைத்துக்கொள்ளுங்கள். நாய் தன் கடமையைச் செய்துவிட்டது. கப்பலைத் திருப்ப வேண்டியவர்கள் நாம்தான்.