கலங்கரை விளக்கம் முதல் ஊரூர் குப்பம் வரை: நடந்தே பார்க்க வேண்டிய மீனவர் கரை

சென்னை கலங்கரை விளக்கத்தில் தொடங்கிக் கடலோரமாகவே நடந்து பெசன்ட் நகர் போய்ச் சேர முடியாது. வரைபடத்தைப் பார்ப்பவர்கள் முடியும் என்றே நினைக்கிறார்கள், திரும்பத் திரும்பக் கேட்கவும் செய்கிறார்கள். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் நின்றால் எதிரே பெசன்ட் நகரின் ஊரூர் குப்பம் தெரிகிறது, நடுவில் ஒரு பாலமும் தெரிகிறது. ஆனால் 1967-ல் கட்டிய அந்தப் பாலம் 1977-ல் அடையாற்று வெள்ளத்தில் நடுவே இடிந்து விழுந்தது. பிறகு யாரும் எடுத்துக் கட்டவில்லை; உடைந்த பாலம் என்பதே அதன் பெயராகிவிட்டது. ஆகவே இந்த நடைக்கு இரண்டு துண்டு. அடையாற்றுக்கு வடக்கே மயிலாப்பூர்க் கரை, தெற்கே பெசன்ட் நகர்க் கரை. இடையில் திரு.வி.க. பாலம் வழியாக ஒரு பெரிய சுற்று.

வடக்குத் துண்டு கலங்கரை விளக்கத்தின் தெற்குப் பக்கம் தொடங்குகிறது. நொச்சிக்குப்பம், நொச்சி நகர், டூமிங்குப்பம், முள்ளிக்குப்பம் என்று லூப் சாலையை ஒட்டிக் குப்பங்கள் வரிசையாக வரும். சாந்தோம் தேவாலயத்தின் பின்புறம் தாண்டி, பட்டினப்பாக்கத்தையும் சீனிவாசபுரத்தையும் தொட்டு, ஆற்றின் முகத்துவாரத்தில் கரை முடியும். சுமார் மூன்று கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் எந்த நேரத்தில் நடக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது இரண்டு வேறு ஊராகத் தெரியும். காலை ஏழு மணிக்குப் படகு, வலை, ஏலம், கூடை என்று கால் வைக்க இடமிருக்காது. பதினொரு மணிக்கு அதே மணல் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நேரத்தில் வருபவர்கள்தான் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது சும்மா கிடக்கும் மணல் இல்லை. ஒரு வேளை வேலை முடிந்து அடுத்த வேளைக்குக் காத்திருக்கும் வேலைக்கூடம்.

படகு கரையேறியதும் மீன் உடனே கூடைக்குப் போய்விடுவதில்லை. முதலில் வலையை மணலில் நீளமாக இழுத்துப் போடுவார்கள். இங்கே பெரும்பாலும் செவுள் வலை. மீன் வலைக்கண்ணுக்குள் தலையை நுழைக்கும். உடம்பின் பருத்த பகுதி உள்ளே போகாது. பின்வாங்கினால் செவுளில் இழை மாட்டிக்கொள்ளும். எனவே கண்ணின் அளவுதான் எந்த மீன் சிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. கவலை மீனுக்கு ஒரு வலை, நண்டுக்கு ஒரு வலை, வஞ்சிரத்துக்கு வேறு வலை. மாட்டிய மீனை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். நண்டு என்றால் இன்னும் பொறுமை வேண்டும். கால் ஒடிந்தால் விலை இறங்கிவிடும். கழற்றி முடித்தபின் கிழிந்த இடங்களைத் தேடுவார்கள். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நைலான் நூல் சுற்றிய ஊசியால் கண் கண்ணாக முடிச்சுப் போடுவார்கள். இத்தனைக்கும் நீளமான, சமமான, காலடி படாத மணல் வேண்டும். மணல் குறைந்தால் தொழில் குறைந்துபோகும்.

கட்டுமரம் இருந்த காலத்தில் இந்தத் தேவை இன்னும் அதிகம். கட்டைகளைப் பிரித்து உலர்த்தி மறுபடி கட்ட வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தை ஏறக்குறைய ஓரங்கட்டிவிட்டன. அந்தச் சுனாமியில் சீனிவாசபுரம் கடுமையாக அடிபட்டது. படகு மாறியது, எஞ்சின் வந்தது. மணல் மட்டும் அன்றைக்கு வேண்டியிருந்தது போலவே இன்றைக்கும் வேண்டியிருக்கிறது.

இந்த மணலுக்காக உயிர்கள் போயிருக்கின்றன. 1985-ல் மெரினாவை அழகுபடுத்தக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முனைந்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். அந்த டிசம்பரில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் இறந்தார்கள். 2023 ஏப்ரலில் லூப் சாலைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சாலையோர மீன்கடைகளின் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கடைகள் அகற்றப்பட்டன, குப்பங்கள் போராடின. 2024-ல் 366 கடைகளோடு நொச்சிக்குப்பத்தில் புதிய மீன் சந்தை திறக்கப்பட்டது. சந்தை நல்லதுதான், வெயிலுக்கு நிழலும் கழுவத் தண்ணீரும் கிடைக்கின்றன. ஆனால் கரையில் தொழில் நடந்துகொண்டிருந்த இடத்துக்குத்தான் சாலை வந்தது என்பதை மறக்கக் கூடாது. பின்னால் வந்த சாலைக்கு முன்னால் இருந்தவர்கள் இடைஞ்சல் ஆவது எந்த நியாயத்திலும் சேராது. வலை காயவைக்கும் இடம், படகு நிறுத்தும் இடம் போன்ற மீனவர் பொது இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை சொல்கிறது. அந்த வரைபடம் சரியாக இருந்தால் சும்மா கிடக்கும் மணல் என்ற பேச்சே எழாது.

வெறுமையாகத் தெரியும் கரையைத் தவறாகப் படிப்பது சென்னையில் மட்டும் நடப்பதில்லை. நோர்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் என்ற பகுதி இருக்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வெகு வடக்கே. அதில் வார்டோ ஒரு தீவு ஊர், ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வாழ்கிறார்கள். 1980-களின் தொடக்கத்தில் கடலடிச் சுரங்கப்பாதை ஒன்று அதை நிலப்பகுதியோடு சேர்த்தது. ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தே பார்த்துவிடலாம். அந்தக் கடற்கரை ஊர்களில் ஆளுயரத்துக்கு மேல் மரச்சட்டங்கள் நிற்கும். கோடையில் வரும் பயணிகளுக்கு அவை கைவிடப்பட்ட கொட்டகைகளாகத் தெரியும். குளிர்கால முடிவில் பார்த்தால் அவற்றில் காட் மீன் இரண்டிரண்டாகத் தொங்கும். உப்பே இல்லாமல் குளிர்காற்றிலேயே காய்ந்துவிடும். வார்டோவின் சட்டமும் நொச்சிக்குப்பத்து மணலும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன: மீனவர் ஊரில் காலியிடத்தைப் பார்த்தால், எப்போது காலி என்று முதலில் கேட்க வேண்டும்.

இனி முகத்துவாரம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறும். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் சுவர் கட்டியதும் மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரம் பக்கம் கடல் நிலத்தை அரித்ததும் அதனால்தான். அடையாற்றின் வாயிலும் இதே மணல்தான் மேடு போடுகிறது. கோடையில் ஆற்றில் நீரோட்டம் குறையும், மேடு உயரும், வாய் அடைபடும். மழைக்காலத்தில் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு போகும். மேடு உயர்ந்த நாட்களில் நடந்தே கடந்துவிடலாம் போலத் தோன்றும். மணல் உள்வாங்கும், ஓட்டம் திடீரென்று மாறும், கடக்கக் கூடாது.

தெற்குத் துண்டில் ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1882-ல் அடையாற்றுக்கு வந்த பிரம்மஞான சபையின் நிறுவனர்களில் ஒருவரான ஆல்காட்டின் பெயர்தான் இரண்டாவது குப்பத்துக்கு. ஊரூர் எல்லையம்மன் கோயிலைச் சுற்றி நடந்தால் ஊரின் அமைப்பு பிடிபடும்: கடலைப் பார்த்துப் படகுகள், அவற்றின் பின்னால் வலைகள், அவற்றுக்கும் பின்னால் வீடுகள். 2015-ல் இங்கே தொடங்கிய மார்கழி விழா, சபாக்களில் மட்டும் கேட்ட கர்நாடக இசையைக் குப்பத்துக்குக் கொண்டுவந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட ஏறும். 1988 முதல் மாணவர் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். பகலில் மீனவரின் வேலைக்கூடமான மணல், இரவில் ஆமைக்குப் பிரசவ அறை.

இனி நடைமுறைக் குறிப்புகள். தொடக்கம் கலங்கரை விளக்கம் பறக்கும் ரயில் நிலையம், காலை ஆறரை. எட்டரைக்குள் சீனிவாசபுரம். அங்கிருந்து துர்காபாய் தேஷ்முக் சாலை, திரு.வி.க. பாலம், பெசன்ட் அவென்யூ, ஊரூர் குப்பம். வெயிலில் நடக்க முடியாதவர்கள் மந்தைவெளியில் பெசன்ட் நகர் பேருந்து ஏறலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சிறு ஃபைபர் படகுகள் போவதால் இந்தக் கரையில் அப்போதும் மீன் கிடைக்கும், விலை ஏறியிருக்கும். சின்ன மீன் கூறு கணக்கு, பெரிய மீன் எடைக்கணக்கு, வெட்டுக்கூலி தனி. செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருந்தால் வாங்கலாம். படம் எடுக்குமுன் “அக்கா, எடுத்துக்கட்டுமா?” என்று கேட்க வேண்டும். உடைந்த பாலத்தில் ஏற வேண்டாம். கைப்பிடி பல இடங்களில் இல்லை. கடலில் இறங்கவும் வேண்டாம். பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னம், 1930 டிசம்பரில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்கு எழுப்பியது. கடைசியாக, மணலில் வலை விரித்திருந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டும்; செருப்புக் கால் பட்டு ஒரு கண் அறுந்தாலும் அதை முடிச்சுப் போட ஒருவர் உட்கார வேண்டியிருக்கும்.