உலர்ந்த பூவும் ஒரு சிறு சீட்டும்

ஹெர்பேரியம் தயாரிக்கச் சொன்னால் மாணவர்கள் செடியை அழகாக ஒட்டிக் கொண்டுவருவார்கள். பெயரும் எழுதியிருப்பார்கள். எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது என்று கேட்டால்தான் விழிப்பார்கள். ஓர் உலர்தாவர மாதிரிக்கு உயிர் தருவதே அந்த இரண்டு விவரங்கள்தாம். இதை வகுப்பில் விளக்க, இங்கிலாந்தின் அரிய காட்டு ஆர்க்கிட் ஒன்றை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு.

சீட்டு சொன்ன செய்தி

சிலந்தி ஆர்க்கிட் எனப்படும் அதன் அறிவியல் பெயர் ஓஃப்ரிஸ் ஸ்ஃபெகோடெஸ். தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு நிலப் புல்வெளிகளில் வசந்த காலத்தில் பூக்கும். 1848 முதல் 1958 வரை சேகரிக்கப்பட்டு, கியூ தாவரவியல் பூங்காவிலும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் பாதுகாக்கப்பட்ட 77 மாதிரிகளை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டனர். சீட்டில் இருந்த தேதியை, அந்தந்த ஆண்டின் வசந்த கால வெப்பநிலையோடு ஒப்பிட்டனர். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் பூப்பு ஏறத்தாழ 6 நாள் முந்துகிறது என்று தெரிந்தது.

"அது பறித்த தேதிதானே, பூத்த தேதி இல்லையே?" என்று ஒரு மாணவர் கேட்டால் பாராட்டுங்கள். ஆய்வாளர்களுக்கும் அந்த ஐயம் இருந்தது. 1975 முதல் 2006 வரை களத்தில் நேரடியாகக் குறித்த பூப்புத் தேதிகளையும் ஆராய்ந்தார்கள். அங்கும் ஏறத்தாழ அதே 6 நாள்தான். பழைய சீட்டுகளை நம்பலாம் என்பது 2011இல் வெளியான இந்த ஆய்வால் உறுதியானது.

தேனீயும் பூவும்

இந்தப் பூ, மண்ணில் வளை தோண்டி வாழும் ஒருவகைப் பெண் தேனீயின் தோற்றத்தையும் மணத்தையும் ஒத்தது. ஏமாந்து வரும் ஆண் தேனீயால்தான் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. எனவே ஆண் தேனீக்கள் வெளிவந்த பின்னும், பெண் தேனீக்கள் வரும் முன்னும் பூ மலர வேண்டும். அருங்காட்சியகத் தேனீ மாதிரிகளின் தேதிகளையும் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வு கவலை தருகிறது. 1 டிகிரி வெப்பம் கூடினால் ஆண் தேனீ ஏறத்தாழ 9 நாளும், பெண் தேனீ ஏறத்தாழ 15 நாளும் முந்துகின்றன. பூ முந்துவதோ 6 நாள்தான். உண்மையான பெண் தேனீ வந்துவிட்டால் பூவை நாடுவது யார்? காய் பிடிப்பது குறையும். ஏற்கெனவே அரிதான செடி மேலும் அரிதாகும்.

வகுப்பறையில்

மாதிரிச் சீட்டில் உள்ளூர்ப் பெயர், அறிவியல் பெயர், இடம், தேதி, வளரும் சூழல், மொட்டா பூவா காயா என்ற நிலை, சேகரித்தவர் பெயர் ஆகியவை இருக்கட்டும். எங்கள் பள்ளியில் சீட்டுக்கே பாதி மதிப்பெண் தருகிறேன். தும்பை, குப்பைமேனி போன்றவை போதும். அரிய செடியைப் பறிக்காமல் படம் எடுத்தால் போதுமானது. தொடக்க வகுப்புகளில் பள்ளி வளாகத்து வேம்பும் சரக்கொன்றையும் முதலில் பூத்த தேதியை ஆண்டுதோறும் ஒரே பதிவேட்டில் குறிக்கச் செய்யலாம். அந்த ஏட்டை அடுத்து வரும் ஆசிரியரிடம் மறவாமல் ஒப்படையுங்கள்.