5 டாலர் டிக்கெட், ஒரு பழைய வேன்: பங்க் பேண்டுகளின் சின்ன ஷோ எப்படி ஓடியது?

பங்க் ராக் என்றதும் நம்மில் நிறைய பேருக்கு நினைவுக்கு வருவது ஆணி மாதிரி நிற்கிற தலைமுடி, சேஃப்டி பின், தோல் ஜாக்கெட். இன்னைக்கு அதையெல்லாம் விட்டுடலாம். எண்பது பேர் வருகிற ஒரு ஹாலில் அரை மணி நேரம் வாசிக்கிற பேண்டுக்கு அந்த ராத்திரி எப்படிக் கட்டுப்படியாகிறது? இதுதான் என் கேள்வி. 1980-களின் அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கியது அந்தக் காலத்துப் பேண்டுகள்தான்.

முதலில் பாரிலிருந்து ஆரம்பிப்போம். ஒரு பாரில் பேண்ட் வாசிக்குதுன்னா, முதலாளிக்குக் காசு வருவது பீரிலிருந்து. ஆட்களை உள்ளே கூட்டிவந்து உட்காரவைக்கத்தான் பேண்ட். அதனால் சில விஷயங்கள் தானாகவே முடிவாகிவிடும். ஷோ லேட்டாகத் தொடங்கும், இழுத்துக்கொண்டே போகும், குடிக்கிற வயசு ஆகாதவர்களுக்கு உள்ளே இடம் கிடையாது. 1984-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. குடிக்கும் வயதை 21 ஆக உயர்த்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு வெட்டு. நாலு வருஷத்துக்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன. பங்க் கேட்கிறவனுக்கு வயசு பதினாறு. வாசிக்கிறவனுக்கே சில சமயம் பதினெட்டு. தன் பேண்டின் ரசிகர்கள் உள்ளே வர முடியாத இடத்தில் வாசிச்சு என்ன பிரயோஜனம்?

இந்தச் சிக்கல் அந்தச் சட்டத்துக்கு முன்னாலேயே இருந்தது. 1980-ல் வாஷிங்டனைச் சேர்ந்த டீன் ஐடில்ஸ் என்ற பள்ளிப் பையன்கள் பேண்ட் கலிஃபோர்னியாவுக்குப் பஸ்ஸில் போனார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் மபுஹே கார்டன்ஸ் என்ற கிளப். இவர்களுக்கு வயசு பத்தவில்லை. கிளப்காரர்கள் ஒரு வழி சொன்னார்கள். கையின் பின்புறம் மார்க்கரால் பெரிய பெருக்கல் குறி போட்டுக்கொண்டு உள்ளே வரலாம், அந்தக் கைக்கு யாரும் பீர் கொடுக்கமாட்டார்கள். ஊருக்குத் திரும்பிவந்து அதே யோசனையை வாஷிங்டன் கிளப் ஒன்றிடம் சொல்லி ஒத்துக்கொள்ளவும் வைத்தார்கள். பிற்பாடு அந்தக் குறி, குடி, போதை வேண்டாம் என்கிற ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ ஆட்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதன் தொடக்கம் வாசலில் நிற்கிறவருக்கு ஆளைப் பிரித்துக் காட்டுகிற சின்ன ஏற்பாடு, அவ்வளவுதான்.

பார் இல்லாவிட்டால் வேறு எங்கே? சர்ச்சின் அடித்தளம், முன்னாள் ராணுவத்தினர் சங்க ஹால், யாரோ ஒருத்தர் வீட்டின் நிலவறை. இங்கெல்லாம் வயசுக் கட்டுப்பாடு இல்லை, பீர் வருமானமும் இல்லை. வாசல் வசூல் ஒன்றுதான். உதாரணத்துக்கு நானே ஒரு கணக்குப் போடுகிறேன். 80 பேர், ஆளுக்கு 5 டாலர், 400 டாலர். ஹால் வாடகைக்கு 100, மைக்செட்டுக்கு 75, போஸ்டர் நகலெடுக்க 15 போனால் மீதி 210. நாலு பேண்டுகள். வெளியூர் பேண்டுக்குப் பெட்ரோல் காசு முக்கியம், அவர்களுக்கு 150. உள்ளூர் பேண்டுகள் மூன்றும் ஆளுக்கு 20 வாங்கிக்கொண்டு போய்விடும், அல்லது அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடும். ஏன்னா அடுத்த மாசம் இவர்கள் அந்த ஊருக்குப் போனால் அவர்கள் இதையே செய்யணும். எழுதி வைக்காத மொய்க் கணக்கு மாதிரி.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் பங்க் ஷோவின் வடிவமே புரியும். ஒவ்வொரு பேண்டும் ஏன் 25, 30 நிமிஷம்தான் வாசிக்கிறது? நாலு பேண்டும் வாசித்து, பத்து, பதினோரு மணிக்குள் ஹாலைப் பெருக்கிச் சாவி கொடுக்கணும். ஏன் எல்லாரும் ஒரே டிரம் செட்டில் வாசிக்கிறார்கள்? மாற்றி மாட்ட நேரம் கிடையாது. பாட்டு ஏன் ஒன்றரை நிமிஷம்? சரி, அதுக்கு வேற காரணமும் இருக்கு. ஆனால் இதுவும் இடிக்கவில்லை.

இதை ஒரு வாழ்க்கை முறையாகவே செய்தவர்கள் மினிட்மென். லாஸ் ஏஞ்சலஸின் துறைமுகப் பகுதியான சான் பெட்ரோவில் 1980-ல் தொடங்கிய மூன்று பேர் பேண்ட். கிட்டார் டி. பூன், பேஸ் மைக் வாட், டிரம்ஸ் ஜார்ஜ் ஹர்லி. உழைக்கிற வர்க்கத்துப் பிள்ளைகள், வேலைக்குப் போய்க்கொண்டே வாசித்தார்கள். சிக்கனமாக நடத்துவதற்கு அவர்கள் வைத்த பேர் ‘எகானோ’. வேனை அவர்களே ஓட்டுவார்கள், ஆம்ப்ளிஃபயரை அவர்களே தூக்குவார்கள். ஸ்டூடியோ வாடகை குறைவான நடுராத்திரியில் போய், ஏற்கனவே யாரோ பயன்படுத்திய டேப்பை வாங்கிப் பதிவு செய்வார்கள். 1984-ல் வந்த ‘டபுள் நிக்கிள்ஸ் ஆன் தி டைம்’ நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் உள்ள இரட்டை ஆல்பம். அதைப் பதிவு செய்ய ஆன மொத்தச் செலவு சுமார் 1,100 டாலர்.

வாட்டின் பார்வையில் உலகத்தில் இரண்டே வகைதான். ஒன்று ஷோ, மற்றதெல்லாம் ஷோவுக்கான நோட்டீஸ். ரெக்கார்டும் நோட்டீஸ்தான், பேட்டியும் நோட்டீஸ்தான். அன்றைய பெரிய பேண்டுகள் பலவற்றுக்கும் கணக்கு இதற்கு நேர் தலைகீழாக இருந்தது. ஆல்பம் விற்பதற்காக டூர் போவார்கள், டூரில் நஷ்டம் வந்தால் கம்பெனி தாங்கும். மினிட்மெனுக்குத் தாங்க யாரும் இல்லை. அதனால் ஒவ்வொரு ஷோவும் தன் காலில் தானே நின்றாக வேண்டும்.

இதே பொருளாதாரத்தை ஓர் எல்லை வரைக்கும் கொண்டுபோனவர்கள் ஃபுகாஸி. டீன் ஐடில்ஸில் பேஸ் வாசித்த இயன் மெக்கே பிற்பாடு ஆரம்பித்த பேண்ட். முதல் ஷோ 1987 செப்டம்பர் 3, வாஷிங்டனில். டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர், எல்லா வயசுக்காரர்களும் வரலாம், டி-ஷர்ட் விற்பனை கிடையாது. பொதுவாக ஒரு பேண்ட் செலவைக் கூட்டி, அதற்கேற்ப டிக்கெட் விலை வைக்கும். இவர்கள் முதலில் விலையை ஆணி அடித்துவிட்டு, அதற்குள் அடங்காத செலவையெல்லாம் வெட்டினார்கள். மேனேஜர் இல்லை, ஏஜென்ட் இல்லை. ஷோ புக் பண்ணுவது, போனில் பேசுவது எல்லாம் மெக்கேதான்.

கூட்டத்தில் யாராவது மற்றவர்களை அடித்து, மிதித்து ஆடினால் ஃபுகாஸி பாட்டை நிறுத்துவார்கள். அந்த ஆளைக் கூப்பிட்டு, அவர் கொடுத்த 5 டாலரை ஓர் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். டிக்கெட் 50 டாலராக இருந்திருந்தால் இதைச் செய்ய முடியுமா என்று எனக்குச் சந்தேகம். விலை குறைவாக இருந்ததால்தான் அந்த மேடையில் நிற்கிறவர்களால் ‘நீ போகலாம்’ என்று சொல்ல முடிந்தது.

தொழிலால் நான் மென்பொருள்காரன் என்பதால் இன்னொன்றையும் சொல்லியே ஆகணும். ஃபுகாஸி ஏறக்குறைய ஆயிரம் ஷோக்கள் வாசித்தார்கள். அவர்களுடைய சவுண்ட் ஆட்கள் அதில் 800-க்கு மேல் பதிவு செய்து வைத்திருந்தார்கள், முதலில் சாதாரண கேசட்டில். 2011-லிருந்து அவை இணையத்தில் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஒவ்வொரு ஷோவுக்கும் தேதி, இடம், டிக்கெட் விலை, வந்தவர்கள் எத்தனை பேர் என்ற விவரங்கள் பக்கத்திலேயே இருக்கும். ஒரு பேண்டின் வாழ்க்கையை லாக் ஃபைல் மாதிரி வரிசையாகப் படிக்கலாம். ஒரு ஷோவைத் தரவிறக்க அவர்கள் பரிந்துரைத்த விலை? அதே 5 டாலர்.

இன்டர்நெட் இல்லாத காலத்தில் தெரியாத ஊரில் ஷோ எப்படிப் பிடிப்பார்கள்? ஒருத்தர் நோட்டுப் புத்தகத்திலிருந்து இன்னொருத்தர் நோட்டுக்கு நகர்கிற போன் நம்பர்கள்தான். பிளாக் ஃப்ளாக் மாதிரி பேண்டுகள் 80-களின் தொடக்கத்தில் ஊர் ஊராகப் போய் அந்தப் பாதையைப் போட்டன. 1992-ல் ‘மேக்ஸிமம் ராக்கன்ரோல்’ பத்திரிகை அதை ஒரு டைரக்டரியாகவே அச்சடித்தது. எந்த ஊரில் யார் ஷோ நடத்துவார், யார் வீட்டுத் தரையில் படுக்கலாம் என்பதுவரை அதில் இருக்கும். அதன் தலைப்பில் ஒரு கெட்ட வார்த்தை இருக்கு, இங்கே சொல்ல முடியாது.

அதே பத்திரிகையின் டிம் யோஹான்னனும் நண்பர்களும் பெர்க்லியில் கில்மன் தெரு 924-ல் ஒரு ஹால் தொடங்கினார்கள். பக்கத்தில் பிரம்பு நாற்காலி பின்னுகிறவர்களுக்கான கடை. முதல் ஷோ 1986 டிசம்பர் 31. அப்போது உள்ளே போக 2 டாலர் கொடுத்து உறுப்பினர் ஆக வேண்டியிருந்தது. வாசல், சவுண்ட், பெருக்கல் எல்லாம் தன்னார்வலர்கள். மது, போதை, வன்முறை, இனவெறி எதற்கும் இடமில்லை. உறுப்பினர் கூட்டத்தில் யாரும் கை தூக்கி ஓட்டுப் போடலாம். இவ்வளவு காலம் அது தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அங்கே வாசித்த நல்ல பேண்டுகளைவிட, சலிக்காமல் நடந்த அந்தக் கூட்டங்கள்தான் என்பது என் கட்சி.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முள்ளும் உண்டு. பெரிய ரெக்கார்ட் கம்பெனியில் சேர்ந்த பேண்ட் கில்மனில் வாசிக்கக் கூடாது என்று அப்போது விதி இருந்தது. அங்கேயே வளர்ந்த கிரீன் டே 1993-ல் பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்டதும் கதவு மூடியது. மறுபடி அவர்கள் அங்கே வாசித்தது 2015-ல், ஒரு நிதி திரட்டும் ஷோவுக்காக. விதியின் நியாயம் எனக்குப் புரிகிறது. சின்ன ஹாலை ஆள் பிடிக்கும் சந்தையாக மாற விடக்கூடாது. ஆனால் 1994-ல் டெட் கென்னடிஸ் பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவை அதே ஹாலில் ‘விலைபோனவன்’ என்று திட்டி அடித்துக் காலை உடைத்தார்கள். அவர் எந்தப் பெரிய கம்பெனியிலும் சேர்ந்தவர் இல்லை, சொந்தமாக ஒரு சின்ன லேபிள் நடத்தியவர். யார் சுத்தம் என்று பார்க்க ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டியதில்லை.

இன்னொரு விலையும் இருக்கு. 5 டாலர் டிக்கெட்டில் அடங்காத செலவு காணாமல் போவதில்லை, உடம்பில் ஏறுகிறது. ஹோட்டலை வெட்டினால் தூக்கம் போகும். டிரைவரை வெட்டினால் வாசித்துக் களைத்தவரே ராத்திரி முழுக்க ஓட்டணும். பாதிப் பேர் பின்னால் ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவே பெல்ட் இல்லாமல் படுத்து வருவார்கள். பிளாக் ஃப்ளாக் பாடகர் ஹென்றி ராலின்ஸ் 1994-ல் வெளியிட்ட டூர் டைரியைப் படித்தால் பசியும் காயமும்தான் பக்கத்துக்குப் பக்கம். அதன் தலைப்பே ‘வேனில் ஏறு’ என்கிற அர்த்தத்தில்தான் இருக்கிறது.

முன்னே சொன்ன ‘டபுள் நிக்கிள்ஸ்’ என்பது லாரி டிரைவர்கள் பேச்சில் மணிக்கு 55 மைல், அன்றைய நெடுஞ்சாலை வேக வரம்பு. அட்டைப்படத்தில் வாட் கார் ஓட்டுகிறார், ஸ்பீடோமீட்டர் முள் சரியாக 55-ல் நிற்கிறது. அது வந்த அடுத்த வருஷம், 1985 டிசம்பர் 22, மினிட்மென் ஒரு டூரை முடித்திருந்த சமயம். டி. பூன் அரிசோனா வழியாக ஒரு வேனில் போய்க்கொண்டிருந்தார். ஷோவுக்கான பயணம் இல்லை, கிறிஸ்துமஸுக்கான பயணம். காய்ச்சல் என்பதால் பின்னால் படுத்திருந்தார். வேன் சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்ததில் வெளியே தூக்கி எறியப்பட்டு இறந்துபோனார். வயசு 27. டூர் போகாவிட்டால் இது நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேனின் பின்பக்கம் படுத்துத் தூங்குவது அந்த உலகத்தில் எல்லாருக்கும் எவ்வளவு சாதாரணமான பழக்கமாக இருந்தது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மினிட்மென் அதோடு நின்றது. வாட் வாசிப்பதையே விட்டுவிடும் நிலையில் இருந்தார். ஒஹையோவிலிருந்து ஓர் இளம் ரசிகர், எட் கிராஃபோர்ட், சான் பெட்ரோவுக்கே தேடிவந்து வற்புறுத்தியதில் ஃபயர்ஹோஸ் என்ற புது பேண்ட் பிறந்தது, டிரம்ஸில் அதே ஹர்லி. வாட் அறுபது தாண்டிய பிறகும் வேனில்தான் டூர் போனார், தானே ஓட்டிக்கொண்டு. தினமும் என்ன சாப்பிட்டார், எந்த ஊரில் யார் வீட்டில் படுத்தார், எத்தனை மைல் ஓட்டினார் என்று டைரி எழுதித் தன் தளத்தில் போடுவார். அதில் பாட்டைப் பற்றி இருப்பதைவிட ரோட்டைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.