படைக் கல்லூரியில் கோடை விளையாட்டு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை நீண்டது. விடுமுறை தொடங்கியதும் சிறுவர் சிறுமியர் பலர் விளையாட்டு முகாம்களுக்குப் புறப்படுவர். அம்முகாம்களுள் சில நடைபெறும் இடங்கள் நமக்கு வியப்பளிக்கும். அவை, அந்நாட்டுப் படைகளுக்கு அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரிகளே ஆகும்.

ஹட்சன் ஆற்றங்கரையில் வெஸ்ட் பாயிண்ட் என்னும் தரைப்படைக் கல்லூரி 1802-இல் நிறுவப்பெற்றது. அன்னாபொலிஸ் நகரில் கடற்படைக் கல்லூரி 1845-இல் தோன்றியது. கொலராடோ மலைச்சாரலில் உள்ள விமானப்படைக் கல்லூரி 1954-இல் பிறந்த இளைய உடன்பிறப்பாகும்.

போர்க்கலை பயிலும் இடத்தில் பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். 1919-இல் வெஸ்ட் பாயிண்டின் தலைமையை ஏற்ற மக்கார்தர், முதல் உலகப் போரை நேரிற் கண்டவர். மாணவர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு குழுவிற் சேர்ந்து விளையாடியே ஆகவேண்டும் என்று அவர் விதித்தார். இன்று இக்கல்லூரிகளில் விரிந்த ஆடுகளங்களும் நீச்சற் குளங்களும் தேர்ந்த பயிற்சியாளரும் உளர். கோடையில் படை மாணவர் பலர் களப்பயிற்சிக்கும் கப்பற் பயணத்திற்கும் சென்றுவிடுவர். அப்பொழுது பயிற்சியாளர்கள் பள்ளிச் சிறாருக்கு முகாம் நடத்துகின்றனர். சில நாள் அங்கேயே தங்கி, உண்டு, காலையும் மாலையும் கால்பந்தோ மற்போரோ நீச்சலோ பயில்வர்.

விமானப்படைக் கல்லூரிக்குச் செல்வோர் ஒன்றை முன்னரே அறிதல் வேண்டும். அது கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது; நம் உதகமண்டலத்தின் உயரம் என்றே கொள்ளலாம். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் உயிர்வளியும் அவ்வாறே குறையும்; அக்குறையை ஈடுசெய்ய இதயம் விரைந்து துடிக்கும். கடற்கரை ஊரில் முதல்வனாக ஓடியவனும் அங்கே பாதி ஓட்டத்தில் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவான். உடல் செவ்வணுக்களைப் பெருக்கிக்கொண்டு பழகுவதற்கு வாரங்கள் ஆகும். முகாமோ சில நாளில் முடிந்துவிடும். ஆதலின், முதல் நாளில் வேகத்தைக் குறைத்து, அடிக்கடி நீர் பருகுவதே அறிவுடைமை.

இம்முகாமிற்குச் சென்றால் கல்லூரியில் இடம் உறுதி என்று எண்ணுவது பிழை. அதற்குக் காங்கிரஸ் உறுப்பினர் போன்றோரின் பரிந்துரை வேண்டும். கல்வித் தகுதியும் உடற்றேர்வும் வேறு. விந்தை யாதெனில், முகாமிற்குக் கட்டணம் உண்டு. கல்லூரிக் கல்விக்கோ கட்டணம் இல்லை. ஆனால், பட்டம் பெற்றவர் ஐந்தாண்டேனும் படையிற் பணிபுரிதல் வேண்டும். விமானப்படை விமானிகளுக்கு அது பத்தாண்டு. அதற்கிடையே போர் மூண்டால் போர்க்களம் செல்லவேண்டியதுதான். பதினாறு வயதில் எடுக்கும் முடிவுக்கு இது பெருஞ்சுமை அன்றோ? அச்சுத்தாளிற் படித்தறிவது வேறு. அவ்விடத்தில் சில இரவுகள் உறங்கி எழுந்து, அங்குப் பயிலும் மூத்த மாணவரோடு பேசி அறிவது வேறு. 'இங்கேதான் சேர்வேன்' என்று உறுதிகொண்டு திரும்புவோர் உண்டு. 'இது எனக்கு ஏற்றதன்று' என்று தெளிந்து திரும்புவோரும் உண்டு. அவர்கள் செலவிட்ட பணமும் வீணன்று. நல்ல ஆட்டக்காரர் எவரேனும் அகப்படுவாரா என்று பயிற்சியாளர்கள் கண்வைத்திருப்பதும் இயல்பே.

பத்து வயதுச் சிறுவர்க்கோ இக்கணக்குகளெல்லாம் பொருட்டல்ல. ஆட்டம் முடிந்து உணவுக்கூடத்திற்கு ஓடும்போது, பனிக்கூழ் இரண்டாம் முறையும் கிடைக்குமா என்பதே அவர்தம் கவலை.