யூஎக்ஸ் டிசைனர் என்ன வேலை பார்க்கிறார்?

பிள்ளை சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறது என்று சொன்னால் திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிப்பட்டில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. யூஎக்ஸ் டிசைனர், அதாவது பயனர் அனுபவ வடிவமைப்பாளர், என்று சொன்னால் மட்டும் படம் வரையும் வேலையா, கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதும் வேலையா என்று கேள்வி வரும். ஒரு பொருளை முதன்முதலாகத் தொடுபவர் யாரிடமும் கேட்காமல், தப்பு நேராமல், பயப்படாமல் அதைப் பயன்படுத்த வேண்டும். அதற்கு வழி யோசிப்பதும், யோசித்ததை ஆட்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பதும்தான் இந்த வேலை.

நம் நாட்டில் இதற்கு வாக்குப்பதிவைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. 1951–52 பொதுத்தேர்தலில் வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி வைத்தார்கள். பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டை வேண்டிய பெட்டிக்குள் போட்டால் போதும், எதையும் குறிக்க வேண்டாம். அடுத்த பத்தாண்டில் எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டுக்கு வந்தன, முத்திரை குத்தும் முறை வந்தது. சீட்டை மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கத்திலும் பதிந்துவிடும். எது குத்தியது, எது ஒட்டியது என்று எண்ணுபவருக்குத் தெரிய வேண்டும் என்பதால்தான் இடவலம் மாறினால் காட்டிக்கொடுக்கும் அம்புக்குறி முத்திரையைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு சின்னங்களுக்கு நடுவில் குத்தியவர்களின் பாடுதான் தீரவில்லை. அந்தச் சீட்டுகள் செல்லாத வாக்குகளாகக் குவிந்தன.

பிறகு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. 1982 மே மாதம் கேரளத்தின் பரூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அதைப் பயன்படுத்தினார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவைச் செல்லாது என்றது. 1988-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2001 மே சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் இயந்திரத்தில் வாக்களித்தது. அப்போது பள்ளிப்பட்டு என்ற பெயரிலேயே ஒரு தொகுதி இருந்தது. இன்று இந்தப் பகுதி திருத்தணித் தொகுதிக்குள் இருக்கிறது.

அந்த இயந்திரத்தை ஒரு டிசைனரின் கண்ணால் பாருங்கள். சின்னத்துக்கு நேராக ஒரே ஒரு நீலப் பொத்தான். அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது, நீளமாக ஒரு 'பீப்' கேட்கிறது. கண்ணுக்கு ஒரு பதில், காதுக்கு ஒரு பதில். இன்னொரு முறை அழுத்தினால் எதுவும் ஆகாது. அலுவலர் தன் மேசையிலிருந்து அனுமதித்தால்தான் அடுத்த வாக்கு. வேட்பாளர் இல்லாத பொத்தான்களை மூடிவிடுகிறார்கள். பார்வையற்றோருக்காகப் பொத்தான் அருகே பிரெயில் எண்கள் இருக்கின்றன. மின்சாரம் இல்லாத ஊரிலும் பேட்டரியில் ஓடும். நடுக்கோட்டில் குத்தும் தவறுக்கு இதில் இடமே இல்லை. வாக்காளருக்குப் பாடம் நடத்தித் தீர்க்க முடியாததைப் பொருளை மாற்றித் தீர்த்தார்கள். யூஎக்ஸ் வேலையின் சாரம் இதுதான் என்பது என் எண்ணம்.

பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இந்த இயந்திரத்தின் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வையிட்டவர் எஸ். ரங்கராஜன், நமக்கு எழுத்தாளர் சுஜாதா. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ், மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை, அதன்பின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று போனது அவருடைய பாதை. இயந்திரத்தின் வெளித் தோற்றத்தை உருவாக்கியதில் ஐ.ஐ.டி. பம்பாயின் வடிவமைப்பு மையப் பேராசிரியர்கள் ஏ.ஜி. ராவ், ரவி பூவையா இருவருக்கும் பங்கு உண்டு. இவர்களில் யாருக்கும் அன்று யூஎக்ஸ் டிசைனர் என்று பதவி இல்லை. உலகத்திலேயே யூஎக்ஸ் என்ற பெயர் 1990-களில்தான் பரவியது. ஆப்பிள் நிறுவனத்தில் டான் நார்மன் என்ற உளவியல் அறிஞர் அதைத் தன் பதவியின் பெயரிலேயே சேர்த்துக்கொண்டார்.

நார்மன் இந்தப் பக்கம் திரும்பியதற்கு ஒரு விபத்து காரணம். இதே மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கன்ட்ரோல் பேனல் முன் ஷிப்ட் பார்ப்பவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1979-இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் ஒரு வால்வு மூடாமல் நின்றுவிட்டது. பேனலில் இருந்த விளக்கோ, மூடச் சொல்லி மின்கட்டளை போனதை மட்டும்தான் காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. ஆபரேட்டர்கள் மூடிவிட்டதாக நம்பினார்கள். குற்றம் ஆபரேட்டர்களுடையதா என்று ஆராயப் போனவர்களில் நார்மனும் ஒருவர். அவர் கண்டது கட்டுப்பாட்டு அறையின் வடிவமைப்பிலேயே இருந்த கோளாறு. தொழிற்சாலையில் ஒரு தப்பு நடந்தால் முதலில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதும் பழக்கம் இங்கேயும் உண்டு. விளக்கு என்ன சொன்னது என்று யாராவது கேட்டார்களா?

இனி இன்றைய வேலைக்கு வருவோம். பணம் அனுப்பும் ஒரு செயலியைப் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை விசைத்தறிக்காரர்களுக்காகச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசைனர் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் தறிக்கொட்டகைக்கு வர வேண்டும். தறி ஓடும் இரைச்சலில் 'பணம் வந்தது' என்று போன் சொல்வது காதில் விழாது. அதிர்வும் பெரிய எழுத்தும் வேண்டும் என்பது அங்கே நின்றால்தான் புரியும். இந்தப் பகுதி 1960 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் மட்டும் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர். 'உங்கள் மொழி எது?' என்று திரை கேட்டால் அவர்கள் எதைத் தொடுவார்கள்? பேசும் மொழியைத் தொட்டால் படிக்க முடியாத எழுத்து வந்து நிற்கும். 'எந்த எழுத்தில் படிப்பீர்கள்?' என்று அந்தந்த எழுத்திலேயே காட்டிக் கேட்க வேண்டும். இதைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வுக் கட்டம். அதற்கப்புறம் திரைகளைக் கோட்டோவியமாகப் போடுவது, ஃபிக்மா போன்ற மென்பொருளில் மாதிரி செய்வது, நாலைந்து பேர் கையில் கொடுத்து அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று வாயைத் திறக்காமல் கவனிப்பது, திருத்துவது. திருத்தியதைத் திரும்பவும் ஆட்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பல நிறுவனங்கள் ஆய்வை விட்டுவிட்டு அழகான திரை மட்டும் கேட்கின்றன. அது பாதி வேலை என்றே சொல்வேன்.

இந்தத் தொழிலில் வேலை கேட்டுப் போகிறவரிடம் எத்தனை வருடம் எங்கே இருந்தீர்கள் என்பதைவிட போர்ட்ஃபோலியோவைத்தான் பார்ப்பார்கள். செய்த வேலைகளின் தொகுப்பு அது. முடிந்த திரையின் படத்தை மட்டும் ஒட்டினால் மதிப்பு குறைவு. யாருக்கு என்ன சிரமம் இருந்தது, எப்படித் தெரிந்தது, முதலில் செய்தது ஏன் சரிப்படவில்லை, என்ன மாற்றினீர்கள், மாற்றியபின் என்ன ஆயிற்று என்று வரிசையாக எழுத வேண்டும். இன்ஜினீயரிங், உளவியல், கட்டடக்கலை, இதழியல் எதிலிருந்தும் ஆட்கள் வருவது இதனால்தான்.

படிக்க நினைப்பவர்களுக்கு: இளநிலை வடிவமைப்புப் படிப்புக்கான யூசீட் (UCEED) தேர்வை ஐ.ஐ.டி. பம்பாய் ஆண்டுதோறும் நடத்துகிறது. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் அதை எழுதலாம். சேர விரும்பும் கல்லூரியின் நிபந்தனையை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டம் முடித்தவர்களுக்கு சீட் (CEED) தேர்வு இருக்கிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு (என்.ஐ.டி.) தனித் தேர்வு இருக்கிறது. தேர்வுக்குத் தயாராகும்போதே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெரு இ-சேவை மையத்திலோ ரேஷன் கடையிலோ அனுமதி கேட்டு அரை நாள் உட்கார்ந்து, வருகிறவர்கள் எந்த இடத்தில் திணறுகிறார்கள் என்று குறித்து வையுங்கள். போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்தை அதை வைத்தே எழுதலாம்.